இடுப்புக்கு வந்த கொரோனா

பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு மாத்திரை கம்பெனியின் பேக்கிங்கில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவள் ஷோபா. கொரோனா வந்துபோன ஆறாம் மாதம் அவளுக்கு இடுப்பு வலி பிடித்தது. கொரோனாவால்தான் இருக்கும் என்று சொல்லி, உட்கார்ந்து வேலை செய்ய அனுமதி கேட்டாள்.

"கொரோனா நெஞ்சுக்குத்தான் வரும், இடுப்புக்கா வரும்? ஆக்ட் பண்ணாதம்மா," என்று சூப்பர்வைசர் நாகேஷ் எல்லோர் முன்னாலும் சிரித்தான். பெரிய டாக்டர்தான்!

வைரஸும் அதற்குத் தந்த ஸ்டீராய்டும் சேர்ந்து ரத்தவோட்டத்தைக் கெடுத்ததில் இடுப்பு மூட்டு எலும்பு செத்துக்கொண்டிருப்பதாகவும் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றும் எலும்பு டாக்டர் சொன்னார்.

அவள் கொண்டுவந்து காட்டிய ஸ்கேன் ஃபிலிமை நாகேஷ் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தான். "ராகிக் களி சாப்புடு, சரியாப் பூடும்."

"தலைகீழா புடிச்சிருக்கீங்க சார். நேரா பாக்கவே தெரியல, இதுல வைத்தியம் வேறயா?" என்ற ஷோபா, அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "ஆபரேஷன் வரைக்கும் உக்காந்துதான் வேலை செய்வேன். மேனேஜர்கிட்ட சொல்லுங்க."

மறுநாள் அவளுக்கு ஸ்டூல் வந்தது. தூக்கி வந்தவன் நாகேஷ்.