தோரு மொகானு பிடித்து வைத்திருந்தது

1995ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், இராசநாயகத்தைப் பற்றி யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட செய்தியை, ருமேனியாக்காரரான முன்னாள் கோல்காப்பாளர் தோரு மொகானு ஓக்லாந்துப் புறநகரான பாபடோயிட்டோயில் ஒரு வீட்டின் பின்வளவில் பாய்ந்து பிடித்தார். இராசநாயகத்தின் மனைவி ரதிதேவி அப்போது கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் தொலைபேசி ஒரு தரம் அடித்து நின்றது. வேலிக்கு மேலால் ஏதோ ஒன்று சுவரை நோக்கித் தாழ்வாக வந்தது. மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோரு குழாயை எறிந்துவிட்டு, படுக்கைவாட்டில் பறந்து, அதை நெஞ்சோடு அணைத்தபடி விழுந்தார். அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. முழங்கால் இரண்டும் பழுது. எழும்பியபோது அவர் கையில் உதைபந்து அளவில், சாம்பல் நிறத்தில், ஈரமான ஒன்று இருந்தது. அதற்குள்ளே எங்கோ தூரத்தில் தொலைபேசி மணி அடிப்பது போலக் கேட்டது.

"என்ன அண்ணை அது?" என்று ரதிதேவி கேட்டாள்.

"உனக்கு வந்தது, தங்கச்சி. நான் பிடிச்சிட்டன்."

யாரைப் பற்றியது என்று அவள் கேட்கவில்லை. கீழே விழுந்த தலையணை உறையை எடுத்துத் திரும்பவும் அலசப் போனாள்.

தோரு தன் நாட்டில் நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றின் அணிக்காகப் பன்னிரண்டு வருடம் கோல் காத்தவர். மற்றவர்கள் முட்டியால் குத்தி வெளியே தள்ளும் பந்தையும் அவர் கையில்தான் எடுப்பார். குத்தினால் பந்து இன்னொருவனிடம் போகும், பிடித்தால் அது முடிந்த விஷயம் என்பது அவர் கணக்கு. முழங்கால் போனதும் அணி அவரை விட்டது. ஒரு சரக்குக் கப்பலில் சமையல் உதவிக்கு ஏறி, ஓக்லாந்தில் இறங்கி, திரும்பி ஏறவில்லை. மனைவியைப் பின்னால் கூப்பிடலாம் என்று நினைத்திருந்தார். ஒரு குளிர்காலத்தில் தொலைபேசி அடித்தது, தானே போய் எடுத்தார், அவள் செத்துப்போனதைக் கேட்டுக்கொண்டார். என் வாழ்க்கையில் நின்ற இடத்தில் நின்று உள்ளே விட்டது அந்த ஒன்றைத்தான் என்று பிறகு சொல்லுவார். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலையில் நாலைந்து யாழ்ப்பாணத்தாரோடு நின்றதில் ஆங்கிலத்துக்கு முன்னமே தமிழ் வந்துவிட்டது. அந்த வழியாகத்தான், கணவன் விசாவுக்காக ஊரில் காத்திருக்க மகளோடு தனியாக இருந்த ரதிதேவியின் கராஜ் அறைக்கு வாடகைக்கு வந்தார்.

தமிழ் விளையாட்டுக் கழகத்துக்கு அப்போது கோல்காப்பாளர் இல்லை, அவரையே நிறுத்தினார்கள். பருவத்தின் முதல் ஆட்டத்தன்று கம்பத்தடியில் பிள்ளையார் படம் வைத்து, கற்பூரம் கொளுத்தி, தலைவன் வசீகரன் சிதறுதேங்காயை ஓங்கி எறிந்தான். தோரு அதைத் தரையில் படமுன் பாய்ந்து பிடித்தார்.

"ஐயோ அண்ணை, அது உடையவேணும்!"

"என்ர கோலுக்கு முன்னால ஒண்டும் உடையாது."

"பிள்ளையாருக்கே கோல் விடமாட்டார் போல கிடக்கு" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். வயதான சிலர் மட்டும், உடையவேண்டியதைப் பிடித்தது சரியில்லை என்றார்கள். அந்த வருடம் கழகம் ஒரு கோலும் வாங்கவில்லை. முன்வரிசைக்காரர் அப்படிப்பட்டவர்கள் என்பதால் ஒரு கோலும் போடவில்லை.

நவம்பரில் பிடித்ததைத் தோரு கீழே வைக்கவில்லை. வைத்தால் அது உருண்டு வீட்டுக்குள் போய்விடும் என்றார். பெட்டி ஏற்றும் வேலை போயிற்று. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தூரம் நடக்கக்கூடாது என்பது ஆட்டத்தின் சட்டம், ஆகவே கராஜ் அறைக்கும் உடுப்புக் கொடிக்கும் இடைப்பட்ட இடத்திலேயே இருந்தார். இருந்தபடி தூங்கினார். ரதிதேவி வேலைக்குப் போகுமுன் சோற்றைக் குழைத்து ஊட்டிவிட்டாள். பக்கத்து வீட்டு பிஜிக்காரர் முன்சாமி, குழாய் வேலை செய்பவர், தன் குளியலறைத் தராசைக் கொண்டுவந்து அவரை ஏற்றிப் பார்த்தார். ஒவ்வொரு மாதமும் தோருவின் உடம்பு மெலிந்தது, தராசின் முள் மேலே போனது. முன்சாமி தராசைத் திருப்பிப் பார்த்து, பழுதில்லை என்று சொல்லி, வீட்டுக்குக் கொண்டுபோனார்.

ரதிதேவி பொட்டு வைத்தாள். தாலிக்கொடி கழுத்தில் கிடந்தது. மகள் கம்சாயினி பெரியபிள்ளையானபோது சபையில் முன்னுக்கு நின்று எல்லாம் செய்தாள். சமையலறையில் இரண்டு பெண்கள் பலகாரத் தட்டு அடுக்கிக்கொண்டே கதைத்தது அவளுக்குக் கேட்டது.

"இவவின்ர பொட்டு அந்த வெள்ளைக்காரன்ர கையிலயெல்லோ கிடக்கு."

"சும்மா இரு. ஆருக்கு அப்பிடி ஒருத்தன் வாய்க்கும்?"

கொழும்பிலிருந்து இராசநாயகத்தின் தம்பி மாதத்துக்கு ஒரு முறை தொலைபேசி எடுப்பான். "அண்ணி, அண்ணை வந்து…" என்பான். அதோடு சத்தம் நின்றுவிடும். கம்பி அறுவதில்லை. அவன் மூச்சு வாங்குவது கேட்கும். பிறகு முதலிலிருந்து, "அண்ணி, அண்ணை வந்து…" என்பான். தொடங்கும்போது இளைஞனாக இருந்த குரல், மூன்று வருடத்தில் அந்த மூன்று சொல்லுக்குள்ளேயே கிழண்டிப்போயிற்று. 1997இல் இராசநாயகத்துக்கு விசா வந்தது. ரதிதேவி அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள். அனுப்புவதற்கு விலாசம் இல்லை. கேட்டால் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. தவணை முடிந்து விசா செல்லாமல் போயிற்று.

1998 ஆடியில் அந்த நாட்டுக் குளிர்காலம் கடுமையாக இருந்தது. பள்ளிக்கூடத்தால் வந்த கம்சாயினி புத்தகப் பையோடு குசினி வாசலில் நின்றாள்.

"மம், ஹிஸ் ஃபிங்கர்ஸ் ஆர் பிளாக்."

ரதிதேவி வெளியே போய்ப் பார்த்தாள். தோருவின் விரல்கள் நகத்திலிருந்து நடுக்கணு வரை கறுத்திருந்தன. முன்சாமி கூட்டிவந்த டொக்டர், இறக்கி வைக்காவிட்டால் விரல்களை எடுக்கவேண்டி வரும் என்று சொல்லிப் போயிருந்தார். தோரு அதை அவளிடம் சொல்லவில்லை, முன்சாமிதான் இப்போது வேலிக்கு மேலால் சொன்னார்.

"ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"சொன்னா நீ விடச் சொல்லுவாய்."

"நோகுதோ?"

"பாரம், தங்கச்சி. நோவு இல்லை. நீ சொல்லாமல் நான் விடன்."

அவள் உள்ளே போய்க் குளித்தாள். கூறைச் சீலையை எடுத்துக் கட்டினாள். கண்ணாடி முன் நின்று, வழமையிலும் பெரிதாகப் பொட்டு வைத்தாள். மகளைப் பக்கத்தில் நிறுத்தி முன்சாமியைக் கொண்டு ஒரு படம் எடுப்பித்தாள். ஏன் என்று கம்சாயினி கேட்டாள். அவள் மகளின் தோளைப் பிடித்தபடி நின்றாள். கொடிக்குக் கீழே இருந்த சீமெந்துத் தரையைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, தோருவை அதற்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"விடுங்கோ அண்ணை."

அவர் முயன்றார். கைகள் விரியவில்லை. பிடிக்கப் பழகிய கைக்கு விடத் தெரியவில்லை. ரதிதேவி அவர் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள், ஈர விறகு போல இருந்தன. கடைசிச் சின்னவிரலில் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். ஒருவரும் அவளை அவசரப்படுத்தவில்லை. பிறகு அதையும் நிமிர்த்தினாள். சாம்பல் நிறப் பந்து விழுந்தது. துள்ளவில்லை. தேங்காய் மாதிரிச் சிதறியது, உள்ளே இருந்த தண்ணீர் சீமெந்தில் ஓடிப் புல்லுக்குள் போனது. வீட்டுக்குள் தொலைபேசி அடித்தது.

அவள் காலில் ஈரத்தோடு போய் எடுத்தாள்.

"அண்ணி, அண்ணை வந்து…"

"ஓம், சொல்லு தம்பி. இனிச் சொல்லலாம்."

அவன் சொன்னான். தொண்ணூற்றைந்து நவம்பரில், சனம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போகிற வழியில், பாலத்தடியில். சொல்லி முடித்துவிட்டு அழுதான். ரதிதேவி அவன் அழுது முடியும் வரை தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாங்கரேக் கடற்கரையில் இராசநாயகத்துக்கு அந்தியேட்டிக் கிரியை நடந்தது. நாள் பிந்திய சாவுத் துடக்குக்கு எப்படிக் கணக்கு எடுப்பது என்று ஐயருக்கும் தெரியவில்லை, கேட்ட நாளிலிருந்து எடுத்தார்.

தோருவின் விரல்களில் இரண்டு போயின. மற்றவை மெல்ல நிறம் திரும்பின. அடுத்த பருவத்துக்குக் கழகம் அவரையே கோலில் விட்டது, வேறு ஆளைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. முதல் ஆட்டத்தன்று வசீகரன் தேங்காயை அவர் கையில் கொடுத்தான். அவர் அதைத் தலைக்கு மேல் உயர்த்தி, விரல்களை விரித்தார். நன்றாக உடைந்தது. பெடியள் ஓடிப்போய்த் தேங்காய்ச் சொட்டுப் பொறுக்கினார்கள். கோட்டுக்கு வெளியே, வெறும் நெற்றியோடு ரதிதேவி இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டிக்கொண்டிருந்தாள். பந்துகள் வந்தன. தோரு ஒவ்வொன்றையும் பார்த்து, கையை விலக்கி, உள்ளே போகவிட்டார். கழகம் ஒன்பது கோலால் தோற்றது. பின்னேரம் மழை வருமுன் வலையைக் கழற்றி மடித்துக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.