குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு டியூப்

1

"என் சர்டிபிகேட்டைக் கழட்டிக் குடுங்க, பெரியப்பா."

இந்த ஒன்றை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்டுவிடாதே என்று அம்மா அவளிடம் சொல்லிவைத்திருந்தாள். மருந்தாளுநரின் பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்கினால்தான் மருந்துக்கடை திறக்கலாம். குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள். ஆகவே பெரியப்பாவின் கடையில் தொங்குவதும் அவள் பெயர்தான்.

இதற்கு முன் வேறு தொடக்கங்களும் எழுதினேன். 'தோலில் வரும் பூஞ்சைத் தொற்றுக்குக் களிம்பு பூசும்போது' என்று ஒன்று. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுகிற தாள் மாதிரி இருந்தது. 'அந்த டியூபின் வாசனை இன்றும் என்' என்று இன்னொன்று. அழுகை வந்தது, நிறுத்திவிட்டேன்.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் அம்மாவின் இடுப்பிலிருந்து வந்தது. 'நான்' என்று எழுதினால் கத்திவிடுவேன் என்பதால் 'அவள்' என்று எழுதுகிறேன்.

2

குளியலறைக் கதவின் பின்புறம் ஓர் ஆணி. அதில் நூல் கட்டித் தொங்கும் ஒரு வெள்ளை டியூப், பெரியப்பா கடையில் வாங்கிய அரிப்புக் களிம்பு. வீட்டில் நான்கு பேர். பஸ் ஓட்டும் அப்பாவுக்கு அக்குள், தம்பிக்குக் கால்விரல் இடுக்கு, அவளுக்குப் பிடரி. சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஆவியில் நிற்கும் அம்மாவுக்குச் சீருடைப் பெல்ட் பதியும் இடம். எல்லாருக்கும் ஒரே டியூப், துடைத்துக்கொள்ள ஒரே துண்டு.

வேலை முடிந்து வந்ததும் அம்மா அவளைத் திருப்பி உட்காரவைப்பாள். மோதிரவிரலில் கொஞ்சம் களிம்பு. ஜில்லென்று படும். "அசையாதடி" என்பாள், பிறகு ஊதுவாள். வேறு எதற்கும் அம்மாவுக்கு நேரம் கிடையாது. அரிப்பே இல்லாத சில சாயங்காலங்களில் அவள் பிடரியைச் சொறிந்துகொண்டு அம்மாவின் பக்கத்தில் போய் நின்றிருக்கிறாள்.

மூன்றாம் நாள் தீர்ப்பு வரும். "அரிப்பு நின்னுடுச்சுல்ல? மூடி வை. அடுத்தவங்களுக்கு வேணும்." கடைசியில் டியூபைக் கத்தரியால் வெட்டிப் பிரித்து, உள்ளே ஒட்டியிருப்பதையும் வழித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் பாசம் என்றால் அதுதான். [எங்கள் வீடு என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தவில்லை, இருக்கட்டும்.]

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அரிப்பு முதலில் போகும், பூஞ்சை பிறகுதான் போகும். டாக்டர் சொன்ன நாள் வரை பூச வேண்டும். கழுவி, நன்றாக ஈரம் துடைத்து, தடிப்பின் விளிம்பைத் தாண்டி ஒரு விரற்கடை தூரம் வரை, மெல்லிசாக. பிறகு கை கழுவ வேண்டும். துண்டு ஆளுக்கொன்று. இத்தனையையும் எங்களிடம் யாரும் சொன்னதில்லை.)

3

கல்லூரியில் இரண்டாம் வருடம்தான் அந்த டியூபின் பொடி எழுத்தை முதன்முதலாகப் படித்தாள். பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தது. அது சிவப்பை அமுக்கும், அரிப்பை அடக்கும். அடியில் பூஞ்சை சாவகாசமாகப் பரவும். வருடக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துபோகும். அம்மாவின் விரல், அந்த ஜில், அந்த ஊதல், எல்லாவற்றையும் யாரோ வகுப்பின் கரும்பலகையில் எழுதிக் குறுக்கே கோடு

வேண்டாம், இந்த வாக்கியம் அழுகிறது.

பெரியப்பாவை வில்லனாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. பரீட்சை நாட்களில் மருந்துப் பெட்டிகளை அடுக்கி அவளுக்கு மேசை போட்டுக் கொடுத்தவர் அவர். வருகிறவர்களிடமெல்லாம் "சத்தம் போடாதீங்க, எங்க வீட்டு டாக்டர் படிக்குது" என்பார். அவர் அக்குளிலும் அதே வளையமான தடிப்பு, அவர் பூசுவதும் அதே களிம்பு. தெரிந்தே விற்கிறவனைத் திட்டிவிடலாம். நம்பி விற்கிறவரை என்ன செய்வது?

4

அன்று மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் அம்மா சீருடையோடு கடைக்கு வந்தாள்.

"அந்த வெள்ளை டியூப் ஒண்ணு குடுங்க."

பெரியப்பாவின் கை பார்க்காமலே தட்டுக்குப் போய் எடுத்து வந்து அம்மாவின் கையில் வைத்தது.

"அம்மா, உள்ள வா. இடுப்பைக் காட்டு."

"கடையில வச்சா? போடி."

சரக்கறையில் காட்டினாள். ஒரு காலத்தில் காசளவு இருந்த வளையம் இடுப்பைச் சுற்றி முதுகுக்கு ஏறியிருந்தது. தோல் வெங்காயச் சருகு போல, கிழிந்தாற்போன்ற சிவப்புக் கோடுகளோடு இருந்தது. "விடுடி, பழகிடுச்சு" என்று அம்மா சட்டையை இறக்கிவிட்டாள்.

அவள் வெளியே வந்து பெரியப்பாவிடம் சொன்னாள். "டாக்டர் சீட்டு இல்லாம இதை யாருக்கும் குடுக்காதீங்க."

"ரெண்டு நாள்ல அரிப்பு நிக்கலன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

"நிக்கும் பெரியப்பா. அதான் பிரச்சினையே."

"நாம குடுக்கலன்னா எதிர்க்கடையில வாங்குவாங்க."

"வாங்கட்டும். என் பேருக்குக் கீழ வேணாம்."

"படிக்க வச்சா இதான்" என்று அவர் சிரித்தார். அம்மாவும் கூடச் சிரித்தாள். அப்போதுதான் அவள் இந்தக் கதையின் முதல் வாக்கியத்தைச் சொன்னாள்: சர்டிபிகேட்டைக் கழட்டிக் குடுங்க.

5

இங்கே வேறு முடிவுகளும் இருந்தன.

பெரியப்பா மனம் மாறி டியூபுகளைக் குப்பையில் கொட்டுகிறார். எழுதினேன். அவர் கைகள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அம்மா அழுது, மகளைக் கட்டிக்கொண்டு, "நீ சொன்னா சரிதான்" என்கிறாள். என் அம்மாவைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

அவள் பொறுத்துப்போகிறாள். இதுதான் நிஜத்துக்கு மிக அருகில். ஒரு வருடம் அப்படித்தான் நடந்தது. அதனாலேயே எழுத மாட்டேன்.

6

"கழட்டினா நாளைக்குக் கடை திறக்க முடியாது. தெரியும்ல?" பெரியப்பாவின் சிரிப்பு போய்விட்டது.

"தெரியும்."

"எனக்குப் பொறந்தவதானா நீ? வாயை மூடுடி" என்றாள் அம்மா. டியூப் இன்னும் அம்மாவின் உள்ளங்கையில்தான் இருந்தது.

மகள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். சான்றிதழ்ச் சட்டத்தைத் தூக்கி எடுத்தாள். சுவரில் அந்த இடம் மட்டும் புதுச் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. படிக்கும்போது மேசையாக இருந்த பெட்டிகளை ஒரு தடவை பார்த்தாள். இறங்கினாள்.

"தோல் டாக்டர் அஞ்சு மணி வரைக்கும் இருப்பார். இதை நிறுத்தினா முதல்ல அரிப்பு கிளம்பும்மா. அதுக்குப் பயந்து திரும்பப் போட்டுடாத. அவர் தர்றதைச் சொன்ன நாள் வரைக்கும் நானே பூசி விடறேன். ஊதியும் விடறேன்."

டியூபைப் பிடித்த கையாலேயே அம்மா பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள்.

சட்டத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் படியிறங்கி வெயிலுக்குள் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் அம்மா அந்த டியூபை மேசைமேல் வைத்தாளா, பைக்குள் போட்டாளா என்று எனக்கும் தெரியாது. நீங்கள் இன்னும் கடைக்குள்தான் நிற்கிறீர்கள். நீங்களே பாருங்கள்.