மாப்பிள்ளை கிளறிய கறி

பணிமனையில் பெரியவருக்கு வைத்த பெயர் பிரேக்கு. லாரிகளுக்கு பிரேக் பார்த்தவர் என்பது பாதிக் காரணம். யார் எதைச் சொன்னாலும் ஒரு மிதி மிதித்து நிறுத்திப் பார்ப்பார் என்பது மீதி. பால்காரன் பால் என்றால் இவர் தண்ணீர் என்பார். டாக்டர் சளி என்றால் காசு பிடுங்கும் வழி என்பார்.

மகள் செத்துப்போய் மூன்று வருடம். அவள் புருஷன் ஓட்டலில் சமையல்காரன். ஞாயிறு தவறாமல் வந்து, அவளுக்குப் பிடித்த இத்தாலிக்காரன் இறைச்சிக் குழம்பை வைத்து, பாஸ்தாவில் ஊற்றி, மாமனாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். பெரியவருக்கு வேறு நாதி கிடையாது. பெண்ணே இல்லை, மாப்பிள்ளை என்ன மாப்பிள்ளை, ஒருநாள் இவனும் நின்றுவிடுவான் என்று ஒவ்வொரு வாரமும் எண்ணிக்கொள்வார். எண்ணிக்கொண்டே காலையிலிருந்து படிக்கட்டுப் பக்கம் காதை வைத்திருப்பார்.

அன்றும் வந்தான். வெங்காயம், கேரட், செலரித் தண்டு எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கி எண்ணெயில் வதக்கி ஒதுக்கினான். கனத்த சட்டி காய்ந்ததும் கொத்துக்கறியைப் பரப்பினான். பெரியவர் பக்கத்து முக்காலியில் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தார்.

கறியைப் போட்டால் அடி சிவக்கும்வரை தொடக்கூடாது. அது அவன் சட்டம். ஒருமுறை இவர் கரண்டியை நீட்டியதற்கு, மாமனார் என்றும் பாராமல் புறங்கையில் தட்டியிருக்கிறான். "சும்மா விடுங்க மாமா, சீண்டினா தண்ணி விட்டுரும்."

இன்றைக்கு அவனே கிளறிக்கொண்டிருந்தான். கறி வெளிறித் தண்ணீர் விட்டுக் கொதிப்பதுகூட அவன் கண்ணில் படவில்லை.

"மாப்பிள்ளே, கரண்டியைக் கீழ வை."

வைத்தான்.

"வயித்துல இருக்கிறதைக் கக்கு."

அவன் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னான். "கூட வேலை பாக்கிறவ, மாமா. அவளுக்கும் யாருமில்லை. அடுத்த மாசம் கட்டிக்கலாம்னு... உங்ககிட்ட சொல்லாம செய்ய மனசு வரல."

"முடிவு பண்ணிட்டு உத்தரவு கேக்க வந்தியாக்கும்?"

"நான் எப்பவும் போல வருவேன் மாமா."

"வருவே, வருவே. ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலு, எத்தனை நாளைக்கு? கிளம்பு."

"குழம்பு..."

"கிளம்புடா!"

இதுவரை அவனை அவர் 'டா' போட்டதில்லை. அவன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

சட்டியில் தண்ணீர் வற்றி, கறி சீறத் தொடங்கியது. மேடையில் வைன் புட்டி, தக்காளி டப்பா, பால் வரிசையாக நின்றன. எது முதலில், எவ்வளவு? ஒரு எழவும் தெரியவில்லை. மூன்று வருடமாக இவன் எதற்காக வருகிறான் என்றே துருவிக்கொண்டிருந்தாரே தவிர, என்ன செய்கிறான் என்று மனதில் வாங்கவில்லை. தீய்ந்த வாடை எழுந்தது. கதவைத் திறந்தார்.

மாப்பிள்ளை படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"போகலையா நீ?"

"அடுப்புல சட்டி இருக்கே மாமா. நீங்க வீட்டையே கொளுத்திருவீங்க."

"வாய் கிழியுது. வா உள்ள, அடி பிடிக்குது."

வைனை ஊற்றி அடியைச் சுரண்டினான். ஒதுக்கி வைத்த காய்கள், தக்காளி, கொஞ்சம் பால். தீயைக் குறைத்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ் வரும்படி விட்டு, மூடியைச் சாய்த்து வைத்தான். மதியம் முழுக்க அது வெந்தது. சன்னல் கண்ணாடியில் ஆவி படிந்தது.

எண்ணெய் மேலே மிதந்ததும் பாஸ்தாவை வேகவைத்துப் பிரட்டி, இரண்டு தட்டில் போட்டான். பெரியவர் ஒரு வாய் தின்றார். தட்டைப் பார்த்தே பேசினார்.

"கட்டிக்க. பொண்டாட்டி போனவன் கூடவே போகணும்னு சட்டமில்லை."

"மாமா..."

"முழுசாக் கேளு. அவளை இங்க கூட்டிட்டு வராதே. எம்பொண்ணு உக்காந்த நாற்காலியில இன்னொருத்தியைப் பாக்க எனக்குத் திராணியில்லை. வந்தா நல்லவிதமாப் பேசவும் மாட்டேன். நீ மட்டும் வா."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "அவகிட்ட அப்படியே சொல்றேன் மாமா. வருவேன்."

பெரியவர் நம்பவில்லை. தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.