கொம்பியூட்டருக்குள் கிடந்த மேர்வின்

என் மருமகன் மேர்வின் பிரான்சில் இன்னொருத்தியோடு குடியிருக்கிறான் என்பது உறுதியான அன்றே அவனுடைய படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். வீடு என் மகள் துசாராவின் சீதன உறுதிப் பத்திரத்தில் இருக்கிறது. வேலியில் ஒரு கல்லுக்கும் அவன் உரிமை கேட்க ஏலாது. ஆனால் கொம்பியூட்டருக்குள் அவன் கிடந்தான். வாங்கிய அன்று தன் பெயரைப் போட்டுத் தொடக்கிவிட்டுப் போனவன். துசாரா அதில்தான் செத்தவர்களுக்கு நினைவு மலர்ப் புத்தகம் அடித்துப் பிழைக்கிறாள். எதை அடித்தாலும் அவன் பெயருள்ள ஃபோல்டருக்குள்தான் போய்ச் சேரும்.

"அந்தப் பேரை எடு பிள்ளை."

"முகப்பிலை மாத்திப்போட்டன் அப்பா. உள்ளுக்கை கிடக்கிறது மாறுதில்லை."

வேலணையிலிருந்து வாகீசனைக் கூப்பிட்டேன். கொம்பியூட்டர் திருத்துகிறவன். காலைப் படகில் நெடுந்தீவுக்கு வந்தான். திருத்துகிறவர்கள் ஒருத்தரையும் நான் நம்புவதில்லை. பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டேன்.

"ஐயா, புது எக்கவுண்ட் ஒண்டு திறந்து எல்லாத்தையும் அதுக்கு மாத்தினால் சுகம்."

"அவள் ஏன் எழும்பிப் போகவேணும்? அவன்தான் போகவேணும். பேரை மாத்தும்."

அவன் சிரித்துக்கொண்டு வேறொரு வழியால் உள்ளே போய், ஃபோல்டரில் இருந்த மேர்வினை அழித்துத் துசாரா என்று எழுதினான். எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. மகள் வாசித்துச் சொன்னாள்.

"இன்னும் ஓரிடத்திலை மாத்தவேணும் ஐயா. இந்த ஃபோல்டர் எங்கை இருக்கு எண்டு கொம்பியூட்டர் குறிச்சு வைச்சிருக்கிற இடம்."

மணிக்கூட்டைப் பார்த்தேன். கடைசிப் படகுக்கு அரை மணித்தியாலம்கூட இல்லை.

"பேர் மாறியிட்டுது. இனி அந்த இடம், இந்த இடம் எண்டு இழுத்துப் படகை விட்டால் உமக்கு இரவுச் சோறும் நான்தான் போடவேணும். எழும்பும்."

"சொல்லுறதைக் கேளுங்கோ ஐயா..."

"என்ரை வள்ளத்துக்கு ரண்டு தரம் பேர் மாத்தினனான். ஒருக்காலும் அது கரையை மறக்கேல்லை. எழும்பும் தம்பி!"

ஓட்டோவில் கொண்டுபோய்ப் படகில் ஏற்றிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் துசாரா சுவரோடு சாய்ந்து நிற்கிறாள். அவள் வழமைபோல் கொம்பியூட்டருக்குள் போயிருக்கிறாள், எல்லாம் வெறுமை. மூன்று வருட வேலை காணவில்லை. அயல்வீட்டுக் கிறேசம்மா செத்த முப்பத்தோராம் நாள் மலர் விடியக் காலைப் படகில் யாழ்ப்பாணம் அச்சகத்துக்குப் போகவேண்டும்.

"உங்கடை அவசரம்!" என்றாள்.

"ஓம். நான்தான் கெடுத்தனான்."

வாகீசனுக்குப் போன் எடுத்தோம். படகு இரைச்சலுக்குள் கத்தினான். "ஒண்டும் அழியேல்லை அக்கா. அது இன்னும் மேர்வினைத்தான் தேடுது. பழைய பேரைத் திருப்பிப் போடுங்கோ, எல்லாம் வரும்."

அவன் பெயரைத் திரும்பப் போட எனக்கு மனமில்லை. என்றாலும் சொன்னேன். "போடு பிள்ளை. உன்ரை வேலைதான் பெரிசு."

"ஏலாது அப்பா," என்றவள் போனில் அவனைக் கேட்டாள். "அந்த மற்ற இடத்தைச் சொல்லுங்கோ அண்ணை."

"பிழைச்சால் கொம்பியூட்டரே எழும்பாது அக்கா! ஆடுற படகிலை நிண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"அப்ப இருந்துகொண்டு சொல்லுங்கோ."

அவன் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொல்லிச் சொல்லி விசைகளை அமத்தினாள். போனை நான் அவள் காதோடு பிடித்துக்கொண்டு நின்றேன். கை விறைத்தது; மாற்றவில்லை. இரண்டு தரம் லைன் அறுந்தது. இரண்டு தரமும் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றையும் குத்துமதிப்பாகத் தொடவில்லை. கடைசியில் கொம்பியூட்டரை நிற்பாட்டித் திரும்பப் போட்டாள்.

வெள்ளைச் சேலையில் கிறேசம்மா திரையில் வந்து நின்றா.

"வந்ததோ அக்கா?" என்று கடலுக்குள்ளிருந்து கேட்டான்.

"வந்திட்டுது."

"ஐயாவுக்குச் சொல்லுங்கோ, வள்ளம் வேறை, இது வேறை."

"கடலுக்கை விழாமல் போய்ச் சேரும்!" என்றேன்.

பிறகு மகளைக் கேட்டேன். "அவன் இன்னும் எங்கையாவது மிச்சம் இருக்கிறானோ?"

"தேட எனக்கு நேரமில்லை அப்பா. கிறேசம்மா மாமியின்ரை பேரப்பிள்ளையளின்ரை பேர் இன்னும் பதினொண்டு அடிக்கக் கிடக்கு. தேத்தண்ணி போடுங்கோ."

குசினிக்குப் போனேன்.