விளக்கு பிச்சைக்கனிக்க கையில

கூலியாளுன்னா சாவதுக்குத்தான்னு எவன் சொன்னான்? கிரீஷ் சொன்னான். அதுவும் எனக்க மூஞ்சிக்கு நேரா, பழம்பொரியைக் கடிச்சுக்கிட்டே சொன்னான். அன்னைக்குத்தான் எனக்குப் பொறுமை போச்சு.

மொதல்ல இருந்து சொல்லுதேன். சாலை பஜார்ல ஹரிகுமார் அண்ணனுக்கு இரும்புக் கடை உண்டு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் அடைப்பு. மாடியில பெயிண்ட் டிரம்முக்கு மேல பிளைவுட் போட்டு நாங்க நாலு பேரு உக்காருவோம். சீட்டு இல்ல, கேரம் இல்ல. பேப்பர், பென்சில், பகடை, அவ்வளவுதான். அண்ணன் ரெஃபரி. ஒரு பாதாளக் கோட்டை, அதுல உள்ள பூதம், பொறி, புதையல் எல்லாம் அவருக்க மனசுல இருக்கு. ‘முன்னால ஒரு கதவு, என்ன செய்யுதிய?’ன்னு கேப்பாரு. நாங்க சொல்லணும். மிச்சத்தைப் பகடை முடிவு பண்ணும். பழைய காலத்து ரூலு. செத்தா செத்ததுதான், அழுதாலும் திரும்ப வராது.

கிரீஷ் மந்திரவாதி. நிஜத்துல அவன் எனக்க கம்பெனியில சைட் இன்ஜினியர், நான் சூப்பர்வைசர். சைட்டுல சாரே, இங்க வெறும் கிரீஷ். ஷில்பா இங்க திருடி, வெளிய பேங்குல கிளார்க்கு. நான் சுடலைமாடத்தி, வாள்காரி. பேரைக் கேட்டா பேய் ஒதுங்கணும்னு வச்ச பேரு. ரெண்டு வருஷமா ஒண்ணுமில்லாத நெலையில இருந்து அஞ்சாம் படிக்கு ஏத்திக்கொண்டு வந்தவ. அவளுக்காக சர்ச்சுல கூட்டம் முடியுததுக்கு முன்னால நழுவி வந்திருக்கேன். அம்மைக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருவா.

ஆட்டத்துல எங்க சாமானைச் சுமந்துக்கிட்டு கூட வார கூலியாளுங்க எனக்க பொறுப்பு. ‘ஜெபமலருக்குத்தான் ஆளு மேய்க்கத் தெரியும்’னு கிரீஷ் தள்ளி விட்டான். செரின்னு வாங்கிக்கிட்டேன். மொத நாளு அண்ணன் பேப்பர்ல ‘சுமட்டாள் ஒண்ணு, ரெண்டு, மூணு’ன்னுதான் எழுதியிருந்தாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. காலையில சைட்டு வேலைக்கு ஸ்டாண்டுல ஆளெடுக்கும்போ நான் மொதல்ல பேரு கேப்பேன், ஊரு கேப்பேன், சாயா குடிச்சியாலேன்னு கேப்பேன். அதுக்கப்புறந்தான் மண்வெட்டி. எனக்கு அந்தப் பழக்கந்தான் வரும். மூணு பேருக்கும் மூணு அட்டை எழுதினேன். பிச்சைக்கனி, விளக்கு பிடிக்கவன், எலின்னா பயம். செல்லபாய், எண்ணெயும் கயிறும் சுமக்கவ, நாக்கு கொஞ்சம் நீளம். தாசையன், அரிசி மூட்டை, இருமல் உண்டு.

‘ஜெபா சேச்சி, இவங்களுக்கு ஆதார் கார்டும் எடுப்பியளா?’ன்னு சிரிச்சா ஷில்பா.

‘எடுப்பேன்டி, ஒனக்கென்ன?’

கூலியாளுக்கு மட்டும் ஒரு ரூலு உண்டு. பயம் வந்துதுன்னா ரெஃபரி ரெண்டு பகடை உருட்டுவாரு. நம்பர் கூடிப்போச்சுன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடிருவாங்க. நல்லா நடத்தினா நிப்பாங்க. எனக்க ஆளுங்க ரெண்டு வருஷத்துல ஒருக்கக்கூட ஓடல. கிரீஷுக்கு அது ரொம்ப வசதியாப் போச்சு. கை ரெண்டும் ஃப்ரீயா இருக்கட்டும்னு விளக்கு, எண்ணெய், கயிறு, அரிசி மொத்தத்தையும் அவங்க தலையில ஏத்தினான். வெளிச்சம் வரவைக்குத மந்திரம்கூட அவன் படிக்கதை விட்டுட்டான். அதான் விளக்கு இருக்கேன்னு.

அன்னைக்கு நீளமா ஒரு இடைவழி. தரையில அங்கங்க பழைய ரத்தம். ஷில்பா பொறி இருக்கான்னு தேடினா, பகடை காலை வாரிருச்சு.

‘விளக்குக்காரனை முன்னால விடு’ன்னான் கிரீஷ்.

‘எதுக்கு?’

‘பொறி இருந்தா தெரிஞ்சிரும்லா. கூலியாளே சாவதுக்குத்தான். இவன் போனா வேற ஒருத்தன் கிட்டுவான்.’

வேற ஒருத்தன் கிட்டுவான்! போன மாசம் மூணாம் மாடி சாரத்துல கட்டு லூசா இருக்குன்னு நான் சொன்னப்போ, ‘ஒருத்தனை ஏத்திப் பாரு’ன்னு சொன்னதும் இதே வாயிதான். நான் யாரையும் ஏத்தல. நானே ஏறிப் பாத்து, கட்டை மாத்த வச்சேன். ஆனா அவன்கிட்ட எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. செரி சாரேன்னு சொல்லிட்டு வந்தேன். அந்த வெக்கம் ஒரு மாசமா உள்ள கெடந்து வேவுது.

‘மாட்டேன்’னேன்.

‘இது வெறும் பேப்பர் ஆளு, ஜெபமலரே.’

‘ஒனக்க மந்திரவாதி மட்டும் என்ன, சிமெண்டா? அவனை விடேன் பாப்போம்.’

ஓட்டு போடுவோம்னான். ரெண்டுக்கு ஒண்ணு, நான் தோத்தேன். ஷில்பா எனக்க முகத்தையே பாக்கல.

‘தோத்தா என்ன? அவங்க எனக்க ஆளுங்க. நான் சொல்லாம ஒரு அடி வைக்க மாட்டாங்க. அண்ணா, சுடலைமாடத்தி முன்னால போறா. பிச்சைக்கனி பத்தடி பின்னால நின்னு வெளிச்சம் காட்டினாப் போதும்.’

அண்ணன் கண்ணாடியைக் கழட்டினாரு. ‘யோசிச்சியா மோளே? ரெண்டு வருஷம்.’

‘யோசிச்சாச்சு.’

ஏழாவது அடியில தரை தொறந்துது. இருபது முகம் உள்ள பகடையில பதினாலோ அதுக்கு மேலயோ விழுந்தா தப்பிச்சிருவா. உருட்டினேன். பகடை பிளைவுட்ல ஓடி சாயா கிளாசுல முட்டி நின்னுது. நாலு.

செத்துப் போனா எனக்க சுடலைமாடத்தி. கண்ணுல தண்ணி வந்துது, வந்தா என்ன இப்போ? அவளுக்க பேப்பரை மடிச்சு பைக்குள்ள இருந்த வேதப்புத்தகத்துல வச்சேன்.

‘ஒரு சுமட்டாளுக்காக இப்படி ஒரு வாள்காரியைக் கொன்னுட்டியே’ன்னு கிரீஷ் தலையில அடிச்சுக்கிட்டான்.

அண்ணன் தொண்டையைச் செருமினாரு. இந்த ஆட்டத்துல ஒரு வழக்கம் உண்டு. நம்ம ஆளு செத்துட்டா, கூட நிக்க கூலியாளுல ஒருத்தரை நாம எடுத்துக்கிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். ‘யாரை எடுக்குத?’ன்னு கேட்டாரு.

‘பிச்சைக்கனியை.’ அட்டையை எனக்க முன்னால இழுத்து வச்சேன்.

கிரீஷுக்குச் சிரிப்பு தாங்கல. ‘அப்போ செரி. விளக்குக்காரா, முன்னால நட.’

‘அவன் இப்போ கூலியாளு இல்ல கிரீஷே. அவனுக்கு இனி யாரும் உத்தரவு போட முடியாது. அவன் திரும்பி நடக்கான். படியேறி வெளிய போறான்.’

செல்லபாயும் தாசையனும் என்ன செய்வாங்கன்னு பாக்க அண்ணன் ரெண்டு பகடை உருட்டினாரு. மூணுதான் விழுந்துது. ‘ஓடல. பிச்சைக்கனி கூடத்தான் போறாங்க’ன்னாரு.

‘போட்டும். நாம முன்னால போவோம்’னான் கிரீஷ்.

‘எப்படிப் போவிய?’ன்னாரு அண்ணன். ‘ஒங்க கையில விளக்கு இருக்கா?’

கிரீஷ் அவனுக்க பேப்பரைப் பாத்தான். ஷில்பா அவளுக்க பேப்பரைப் பாத்தா. வெள்ளிக் கத்தி உண்டு, மந்திரப் புத்தகம் உண்டு. விளக்கு இல்ல, எண்ணெய் இல்ல, கயிறு இல்ல, ஒரு பிடி அரிசிகூட இல்ல. இருட்டுல கொஞ்ச தூரத்துல என்னமோ அசையுதுன்னாரு அண்ணன்.

கிரீஷுக்க மூஞ்சி செவந்துது. ‘நாளைக்கு சைட்டுக்கு வருவேல்லா? அங்க பாத்துக்கிடலாம்.’

‘வருவேன் சாரே. கட்டு லூசுன்னா நாளைக்கும் ஒருத்தனையும் ஏத்த மாட்டேன். ஒங்களுக்கு அவ்வளவு ஆசைன்னா நீங்க ஏறிப் பாருங்க.’

சொல்லி முடிச்சதும் நல்லா இருந்துது, ரொம்ப நல்லா இருந்துது.

‘நான் சேச்சி கூட’ன்னா ஷில்பா.

கிரீஷ் மட்டும் இருட்டுல நின்னான். பழம்பொரி தட்டுல ஆறிக் கெடந்துது. கடைசியில, ‘அவனை நிக்கச் சொல்லு, நானும் வாறேன்’னான்.

‘எவனை?’

‘அதான், விளக்கு வச்சிருக்கவனை.’

‘அவனுக்கு ஒரு பேரு உண்டு. கூப்பிடு, நிப்பான்.’

ரெண்டு வருஷம் அவன் பிடிச்ச வெளிச்சத்துல நடந்தவன், இத்தனை தடவை காதுல விழுந்தும் மனசுல நிக்காத பேரைத் தெரிஞ்சுக்க எனக்க அட்டையை எட்டிப் பாத்தான். நான் அதைக் கையால பொத்திக்கிட்டேன்.