ஆறு மாதம் ஓடக் கூடாது

"கதையிலயாவது என்னை ஓட விடேன் சித்தி."

"ஓடி எங்க போகப் போற?"

"அதை நீதான் யோசிக்கணும். எழுதறது நீயா நானா?"

1

கதை இந்தப் பேச்சிலிருந்துதான் பிறந்தது. கேட்டவள் என் அக்கா மகள். ஒன்பது வயது. உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோரையும் வேலை வாங்குவதால் வீட்டில் அவளுக்கு மேஸ்திரி என்று பெயர். ஆறு மாதத்துக்கு ஓடவோ குதிக்கவோ கூடாது என்று இதய மருத்துவர் சொல்லியிருந்தார். அக்கா வேலைக்குப் போகும் நேரமெல்லாம் நான்தான் துணை.

(பிறந்த இடம் பற்றி நான் சொன்னதை முழுதாக நம்ப வேண்டாம். நான்காம் பகுதியில் திருத்துகிறேன்.)

2

முதல் தொடக்கம்: வீட்டில் எல்லோருக்கும் வைரஸ் காய்ச்சல் மூன்று நாள் வந்து போனது. நான்கு வாரம் கழித்து மேஸ்திரிக்கு மட்டும் மறுபடி காய்ச்சல். கண் சிவந்தது, வயிறு வலித்தது, உடம்பெல்லாம் தடிப்பு. வைரஸ் போய்விட்டது, அதைத் துரத்திய எதிர்ப்புச் சக்திதான் இப்போது அடங்காமல் உடம்பையே தாக்குகிறது, இதயமும் வீங்கியிருக்கிறது என்றார்கள். திருடன் ஓடிப்போன பிறகும் காவல் நாய் வீட்டுக்காரரையே கடிப்பது போல

[இல்லை. நாய் என்ன பாவம் செய்தது?]

இரண்டாம் தொடக்கம்: நான் படிப்பதெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். அவற்றில் நோயுற்ற குழந்தைகள் ஜன்னலோரம் படுத்துக்கொண்டு, பனி விழுவதைப் பார்த்தபடி, பெரியவர்களை வாயடைக்க வைக்கும் விதமாக ஏதாவது சொல்வார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வந்ததும் எங்கள் மேஸ்திரி சொன்ன முதல் வாக்கியம், "டிவி ரிமோட் யார்கிட்ட இருக்கு?"

ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பிப்போனது. கண்ணாடியில் ஒருநாள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கன்னம் எப்ப கிளம்பும்?" என்றாள், வந்த விருந்தாளியைப் பற்றிக் கேட்பது போல. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். மூன்றாம் மாதத்தில் கன்னம் கிளம்பியது.

3

அக்காவை எழுதத்தான் கை வரவில்லை. லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அழைத்தால் எடுப்பவள். "பதறாதீங்க, ஆள் கிளம்பிட்டாங்க, பத்து நிமிஷம்." எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டாள், மகள் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதற்கு. முதல் மாடிக்காரர் அதில் செருப்பு மாட்ட உட்கார்ந்தபோது, "எழுந்திரிங்க சார், இது மருந்து" என்றாள்.

அக்கா தனியாக அழுவதாக ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். அவள் அழுது நான் பார்த்ததில்லை. பார்க்காததை எழுதினால் அழகாக இருந்தது. அதனால்தான் அடித்தேன்.

4

இப்போது திருத்தம். மேஸ்திரி அப்படிக் கேட்டது உண்மை. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

அதற்கு அடுத்த வாரம், ஐந்தாம் மாதக் கடைசியில், நூலகத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மாலை நான்கு மணி. நிறுத்தத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சு. அவள் கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரு நாவலுக்குள் இருந்தேன். அதில் பனிச்சறுக்கு வண்டியில் யாரோ தப்பித்துக்கொண்டிருந்தார்கள். தலை நிமிர்ந்தால் நிறுத்தத்தில் எங்கள் பேருந்து நின்றது. கதவு மூடப்போகிறது.

"ஓடு ஓடு!" என்று கத்தினேன்.

நான்தான் கத்தினேன். [இந்த வாக்கியத்தை 'யாரோ கத்தினார்கள்' என்று இரண்டு முறை எழுதிப் பார்த்தேன்.]

ஓடினாள். எனக்கு முன்னால், பை முதுகில் குதிக்க, ஐந்து மாதத்து ஓட்டத்தையும் சேர்த்து ஓடினாள். படியில் ஏறி, கம்பியைப் பிடித்துத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றது. உதடு வெளுத்திருந்தது.

"உள்ள யாரோ கதவைத் தட்டற மாதிரி இருக்கு சித்தி."

"மூச்சு விடு. மெதுவா. தலை சுத்துதா?"

"கொஞ்சூண்டு."

இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் சரியாகிவிட்டது. அப்போதே இறங்கி மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு: "மேஸ்திரி, இது நமக்குள்ள இருக்கட்டும், சரியா?"

ரகசியம் கேட்டது குழந்தை இல்லை. வாசகர் இதைக் கவனிக்க வேண்டும்.

5

ஆறாம் மாதப் பரிசோதனைக்கு முந்தைய நாள் மதியம் இரண்டு முடிவுகளை எழுதி வைத்தேன்.

அ) நான் சொல்லிவிடுகிறேன். இன்னும் சோதனைகள், இன்னும் சில மாதம் தடை. மேஸ்திரி என் முகத்தைப் பார்ப்பதில்லை. அக்கா என்னிடம் 'பதறாதீங்க' குரலில் பேசுகிறாள், அதைவிடத் திட்டினால் தேவலை.

ஆ) சொல்லவில்லை. திங்கட்கிழமை அவள் பள்ளி மைதானத்தில் நிற்கிறாள். விசில் ஒலிக்கிறது. அவள்

[இதற்கு மேல் எழுத முடியவில்லை.]

மறுநாள் நடந்தது இது. டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"ஸ்கேன் நல்லா வந்திருக்கு. இதயம் நல்லா வேலை செய்யுது. என்னம்மா, ஓடணுமா?"

"இன்னைக்கேவா?" என்றாள் மேஸ்திரி.

"இரு இரு. அதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ஒண்ணு கேட்கணும். இந்த ஆறு மாசத்துல எப்பவாவது ஓடினாளா? படபடப்பு, தலைசுத்தல்? இருந்திருந்தா இன்னும் ரெண்டு டெஸ்ட் பார்க்காம நான் விட மாட்டேன்."

மேஸ்திரி என்னைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவரில் இருந்த எடை அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ, இல்ல டாக்டர். வேகமாகூட நடக்க விட்டதில்ல" என்றாள் அக்கா. ஆறு மாதத்தில் முதல்முறையாக அவள் தோள்கள் இறங்கியிருந்தன. என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "பகல் முழுக்க இவதான் கூட இருந்தா. நீயே சொல்லுடி டாக்டர்கிட்ட."