பஸ் ஸ்டாப்புக்குப் போன பாடை

தப்படித்துக்கொண்டு போன தப்புக்காரர்களுக்குப் பின்னால், தீச்சட்டியோடு இடப்பக்கம் சுடுகாட்டுத் தடத்தில் திரும்பிய செங்கோடன் பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தான். அப்பாவைக் காணோம். பாடை வலப்பக்கம், பஸ் ஸ்டாப்பைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

தூக்கியவர்கள் நாலு பேரும் அவன் சித்தப்பா மக்கள், அத்தை மக்கள். ஒருவனுக்கும் இருபது தாண்டவில்லை. எந்தச் சாவுக்கு வந்தாலும் பிணத்துக்கு மாலை போட்டதும் நழுவிவிடுகிற கூட்டம். சுடுகாடு எந்தத் திசை என்றே அவர்களுக்குத் தெரியாது. ராசிபுரத்தில் மேட்னி படம் பார்க்க, பஸ் ஏற எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது மட்டும் கால்களுக்கு நன்றாகத் தெரியும்.

செத்தவர் வெள்ளியங்கிரி, சுற்றுப்பட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் முன்நின்று சீர் நடத்தி வைத்த அருமைக்காரர். கல்யாணமோ எழவோ, எதற்குப் பின் எது என்று அவரைக் கேட்டுத்தான் ஊர் நடக்கும். அன்று காலை, கோடித்துணி போடுவதில் யார் முதல் என்று தகராறு வந்தபோதுகூட எல்லோரும் பழக்கதோஷத்தில் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவர் வாயைக் கட்டியிருந்தது.

செங்கோடன் பத்து வருஷமாக ரிக் வண்டியோடு ஆந்திராவில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தவன். எத்தனை அடியில் பாறை வரும் என்று கேட்டால் சொல்வான். சீர் முறை கேட்டால் முழிப்பான். இந்த வீட்டில் இனி ஒருத்தனுக்கும் ஒன்றும் தெரியாது, எல்லாம் வெள்ளியங்கிரியோடு முடிந்தது என்று வெண்ணந்தூர் மாமா நாச்சிமுத்து காலையிலிருந்து ஆள் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா பேர் தன் கையிலா கெட வேண்டும் என்று செங்கோடனுக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது மாமா கத்திக்கொண்டே ஓடினார். தடம் மாறிப் போன பாடை திரும்பி வந்தால் குடும்பம் விளங்குமா என்றார். பையன்கள் அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடப் பார்த்தார்கள். செங்கோடன் குறுக்கே போய் நின்றான்.

"பசங்க சரியாத்தானுங்க போறாங்க, மாமா. சீர் செய்யப் போன தடத்துல ஒருக்கா போய்ட்டு வந்துதான் அருமைக்காரரு சுடுகாட்டுக்குப் போவோணும். எங்கப்பன் சொல்லியிருக்கறாரு."

அப்பன் அப்படி எதுவும் சொன்னதில்லை. இப்படியொரு பொய் தன் வாயில் இருந்தது செங்கோடனுக்கே அப்போதுதான் தெரிந்தது. மாமா வாயைத் திறந்தார். தனக்குத் தெரியாத முறை ஒன்று இருக்கிறது என்று நாலு பேர் நடுவில் எப்படி ஒப்புக்கொள்வது? மூடிக்கொண்டார்.

தப்புக்காரர்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். ஸ்டாப்பில் ஆத்தூர் பஸ் நின்றிருந்தது. டிரைவர் எஞ்சினை அணைத்தார். ஏறியிருந்தவர்கள் இறங்கி வந்து கும்பிட்டார்கள். ரெண்டு தலைமுறைக் கல்யாணங்களுக்கு அப்பா மஞ்சப்பையோடு பஸ் ஏறிய இடம் அது. காலையிலிருந்து வராத அழுகை செங்கோடனுக்கு அங்கே வந்துவிட்டது. பையன்களும் அதற்குப் பிறகு தோள் மாற்ற வந்தவர்களுக்கு விட்டுக்கொடுக்காமல் சுடுகாடு வரைக்கும் தாங்களே சுமந்தார்கள்.

குளித்துத் திரும்பும்போது மாமா கூட வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவர் பாட்டன் காலத்தில் மூன்று தடவை போய் வருவார்களாம். இப்போது ஒன்றாகச் சுருக்கிவிட்டார்களாம். செங்கோடன் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டான்.

வீடு நெருங்கும்போது மாமா மெல்லப் பின்தங்கி அவன் பக்கத்தில் வந்தார்.

"மாப்ள, என்ற பசங்களுக்கு ஒண்ணுந் தெரியாது. நா ஆயுசுக்கும் சந்தைக்குத்தான் போனேன். நா போய்ச் சேந்தா எனக்கு எந்தத் தடம்னு நீதான் வந்து சொல்லோணும்."

செங்கோடன் உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தான். மாமாவின் முகத்தைப் பார்த்தான்.

"சந்தைத் தடந்தானுங்க, மாமா. திரும்பறப்ப டீக்கடைல கொஞ்ச நேரம் நிறுத்தோணும்."

மாமா ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்துகொண்டே, மனசில் குறித்துக்கொள்பவர்போலத் தலையாட்டினார்.